மாதிரி ஓர் அமானிதம்: உயிரியல் ஆய்வில் பல்கலைக்கழகங்களின் கூட்டுறவு

பல்கலைக்கழகங்கள் தமக்குள் செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்கு இக்காலத்தில் குறைவில்லை. இரு துணைவேந்தர்கள் கையொப்பமிட்ட கோப்புகளை மாற்றிக்கொள்ளும் காட்சி நாளிதழ்களில் படமாக வெளிவருகிறது. ஐந்தாண்டுகள் கழித்து, அவ்வொப்பந்தத்தால் விளைந்த ஆய்வு யாது என வினவினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. மறுபுறம், சில அறிஞர்களின் நட்பை மட்டும் நம்பித் தொடங்கிய கூட்டுறவுகளுள் சில அறிவுலகின் போக்கையே மாற்றியுள்ளன. வேறு சிலவோ நாடுகளிடையே மனக்கசப்பில் முடிந்துள்ளன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? உயிரியல் துறையில் நிறுவனங்கள் இணைந்து ஆய்வு செய்வதற்கு உண்மையான அடித்தளம் எது? உண்மை நிகழ்வுகள் சிலவற்றின் துணைகொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிரியலின் தனித்தன்மை

கணித அறிஞர் இருவர் இணைந்து ஆய்வு செய்ய வேண்டுமாயின், அவர்களுக்குத் தாளும் கடிதத் தொடர்பும் போதும். இயற்பியலில் பெருங்கருவி ஒன்று ஓரிடத்தில் நிறுவப்படுகிறது. பல நாட்டினரும் அங்குச் சென்று அதனைப் பயன்படுத்துகின்றனர். உயிரியலின் நிலை இவ்விரண்டினின்றும் வேறானது. நோயாளியின் குருதி, காட்டுச் செடியின் விதை, ஒட்டகத்தின் மூக்கிலிருந்து எடுக்கப்பட்ட சளி போன்றவை குறிப்பிட்ட மண்ணிலும் குறிப்பிட்ட மக்களிடத்திலுமே கிடைப்பவை. அவற்றைப் பகுத்தாயும் கருவிகளும், அதற்கான நிதியும், முடிவுகளை வெளியிடும் புகழ்பெற்ற இதழ்களும் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளன. ஆகவே உயிரியலில் கூட்டுறவு என்பது விருப்பம் மட்டுமன்று, தேவையும் ஆகும். அத்தேவையுடன் ஏற்றத்தாழ்வும் உடன்பிறந்திருக்கிறது. சிறு குப்பியில் அடங்கிவிடும் மாதிரி ஒரே நாளில் கடல் கடந்துவிடும். அதனைத் தந்த மக்கள் அதனுடன் செல்வதில்லை.

தமிழ் முஸ்லிம்கள் அன்றாடம் வழங்கும் ‘அமானிதம்’ என்னும் சொல் இங்குப் பொருத்தமாக அமைகிறது. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருள் நம் கையில் இருப்பதாலேயே நமக்கு உரியதாகிவிடாது. எந்நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்டதோ அந்நோக்கத்துக்கே அது பயன்பட வேண்டும். ஆய்வகத்தின் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் மாதிரியின் நிலையும் இதுவே என்பதைக் கீழ்வரும் நிகழ்வுகள் உணர்த்தும்.

இரு ஆய்வகங்கள், ஒரு புழு

நம்பிக்கை ஒன்றையே முதலீடாகக் கொண்டு வெற்றி கண்ட கூட்டுறவுக்கு, சினோராப்டிட்டிஸ் எலிகன்ஸ் என்னும் புழுவைப் பற்றிய ஆய்வு சிறந்த சான்றாகும். மண்ணில் வாழும் இப்புழு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. முழு வளர்ச்சியடைந்த இருபால் புழுவின் உடலில், இனப்பெருக்க அணுக்கள் நீங்கலாக, 959 உயிரணுக்கள் மட்டுமே உள்ளன. 1960களில் கேம்பிரிட்ஜில், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றத்தின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றிய சிட்னி பிரென்னர், விலங்குடல் எவ்வாறு உருவாகிறது என்பதைக் கண்டறிய இப்புழுவைத் தேர்ந்தெடுத்தார்.

அவரிடம் பயின்றோர் பல நாடுகளுக்கும் சென்று புதிய ஆய்வகங்களை அமைத்தனர். 1975இல் அவர்களுக்கெனச் செய்தி மடல் ஒன்று தொடங்கப்பட்டது. இதழ்களில் இன்னும் வெளியாகாத முடிவுகளையும் அதில் அவர்கள் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டனர். போட்டியாளர் முந்திக்கொள்வாரோ என்னும் அச்சம் நிலவும் உலகில் இஃது அரிய வழக்கமாகும்.

1980களில் ஜான் சல்ஸ்டனும் ஆலன் கோல்சனும் புழுவின் மரபணுத் தொகுதிக்கு வரைபடம் அமைக்க முற்பட்டனர். முன்னர்ப் பிரென்னரின் ஆய்வகத்தில் பணியாற்றியவரும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளருமான ராபர்ட் வாட்டர்ஸ்டன் அவர்களுடன் இணைந்தார். 1990இல் இரு குழுக்களும் பணியைப் பகிர்ந்துகொண்டு மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படிக்கத் தொடங்கின. 1998 டிசம்பரில், ஏறத்தாழ 9 கோடியே 70 இலட்சம் எழுத்துகளைக் கொண்ட அத்தொகுதி வெளியிடப்பட்டது. விலங்கொன்றின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது அதுவே முதன்முறை. இக்குழுக்களின் திறந்த மனப்பான்மை மனித மரபணுத் திட்டத்துக்கும் வழிகாட்டியது. 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய அறிஞர்கள், படித்தறிந்த மரபணு வரிசைகளை இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் அனைவருக்கும் திறந்துவிட வேண்டும் என உடன்பட்டனர்.

இக்கூட்டுறவு வெற்றி பெற்றதற்கான சூழலை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இரு தரப்பினரிடமும் நிதி இருந்தது, கருவிகள் இருந்தன, ஒரே பயிற்சிமரபில் வந்தமையால் ஒருவர் குணத்தை மற்றவர் அறிந்திருந்தனர். மேலும், மண்ணில் நெளியும் புழுவுக்கு உறவினர் இல்லை. அதன் பொருட்டு எந்த நாடும் உரிமை கோரவில்லை. சமமானவர்களிடையே, உரிமைச் சிக்கல் அற்ற பொருளைப் பற்றி நிகழும் ஆய்வுக்கு நட்பே போதுமானதாக அமைந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நிலைமை மாறிவிடும்.

ஜித்தாவிலிருந்து ராட்டர்டாம் வரை

2012 ஜூன் மாதம், ஜித்தா நகர மருத்துவமனை ஒன்றில் 60 வயதுச் சவூதியர் ஒருவர் கடும் நுரையீரல் நோயுடன் சேர்க்கப்பட்டார். சில நாள்களில் அவர் இறந்தார். அங்குப் பணியாற்றிய எகிப்திய வைரஸ் ஆய்வாளர் அலி முகம்மது ஸக்கி, நோயாளியின் சளியில் இதுகாறும் அறியப்படாத கொரோனா வைரஸ் இருப்பதை உணர்ந்தார். உறுதி செய்துகொள்ளும் பொருட்டு, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு மாதிரியை அனுப்பினார். அம்மையத்தின் ரான் ஃபூஷியே குழுவினர் வைரஸின் மரபணு வரிசையைப் படித்தனர். செப்டம்பர் 20 அன்று ஸக்கி இச்செய்தியை உலக மருத்துவர்களுக்கு அறிவித்தார். பின்னர் மெர்ஸ் எனப் பெயர் பெற்ற நோய் இதுவே. இன்றுவரை 2,600க்கும் மேற்பட்டோர் இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர். அவர்களுள் 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர்.

அறிவியல் நோக்கில் இது விரைவான, பயன்மிக்க கூட்டுறவு. ஆய்வுக் கட்டுரையில் முதல் ஆசிரியராக ஸக்கியின் பெயரே இடம்பெற்றது. ஆயினும் பூசல் மூண்டது. அரசின் அனுமதியின்றி மாதிரி நாட்டைவிட்டு வெளியேறியது எனச் சவூதி அதிகாரிகள் குறைகூறினர். எராஸ்மஸ் மையம் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. வைரஸைப் பிற ஆய்வகங்களுக்கு அனுப்புகையில் பொருள் பரிமாற்ற உடன்படிக்கையில் கையொப்பம் கோரியது. இது நோய்க்கண்டறி ஆய்வைத் தாமதப்படுத்துகிறது என 2013 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் சவூதித் தரப்பு முறையிட்டது. கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் வைரஸ் கட்டணமின்றி அனுப்பப்பட்டது என்றும், உடன்படிக்கை வழக்கமான பாதுகாப்பு நடைமுறையே என்றும் எராஸ்மஸ் மையம் விடையிறுத்தது. இதன் பொருட்டுத் தாம் பணியிழந்து எகிப்து திரும்ப நேர்ந்ததாக ஸக்கி தெரிவித்தார்.

இவ்வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. மாதிரி புறப்படுமுன் எழுத வேண்டியவற்றை, பூசல் மூண்ட பின் எழுத முற்பட்டதே இங்கு நாம் காணும் குறை. நோயாளி உயிருக்குப் போராடும் வேளையில் ஒப்பந்த வாசகங்களை ஆராய்ந்துகொண்டிருக்க எந்த மருத்துவராலும் இயலாது. எனவே அவ்வாசகங்கள் நோய் வருமுன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இதே ராட்டர்டாம் ஆய்வகம் அடுத்த ஆண்டிலேயே வேறொரு வகையில் செயல்பட்டது. 2013 அக்டோபரில் கத்தர் நாட்டுப் பண்ணை ஒன்றோடு தொடர்புடைய இருவருக்கு மெர்ஸ் கண்டது. கத்தர் சுகாதார அதிகாரிகள் எராஸ்மஸ் மையத்தோடு முறைப்படி இணைந்து அப்பண்ணையின் 14 ஒட்டகங்களைச் சோதித்தனர். மூன்றில் வைரஸ் கண்டறியப்பட்டது. ஒட்டகத்துக்கும் மனிதருக்கும் இந்நோயில் உள்ள தொடர்பு இதனால் வலுவாக உறுதிப்பட்டது. ஆய்வகமும் வைரஸும் மாறவில்லை. மாதிரிக்கு உரிய நாடு தொடக்கம் முதலே பங்காளியாக அமர்ந்திருந்ததே வேறுபாடு.

எழுத்து இருந்தும் தெளிவின்மை

எழுதிவிட்டால் மட்டும் போதுமா எனில், அதுவும் போதாது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுப்பாய்ப் பழங்குடியினரிடையே நீரிழிவு நோய் மிகுதி. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் குருதி மாதிரிகளைப் பெற்றனர். நீரிழிவுக்குக் காரணம் கண்டறியவே தாம் குருதி தருவதாக மக்கள் எண்ணினர். ஆனால் அவர்கள் கையொப்பமிட்ட படிவத்தில் நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகள் பற்றிய ஆய்வு எனப் பொதுவாகவே எழுதப்பட்டிருந்தது. பிற்காலத்தில் அம்மாதிரிகள் மனநோய், நெருங்கிய உறவினரிடை மணம், முன்னோர் குடிபெயர்ந்த வரலாறு முதலியவற்றை ஆராயவும் பயன்பட்டன. தம் தோற்றம் குறித்த நம்பிக்கைக்கே எதிரான முடிவுகளுக்குத் தம் குருதி கருவியானதை அறிந்த மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 இலட்சம் டாலர் அளித்து, எஞ்சிய மாதிரிகளையும் திருப்பித் தந்து சமரசம் செய்துகொண்டது.

சட்டம் அறிந்தோர் படிவத்தைக் காட்டி வாதிடலாம். ஆனால் தந்தவர் புரிந்துகொண்டதும் பெற்றவர் எழுதிக்கொண்டதும் வேறுவேறாக இருப்பின், அங்கு ஒப்புதல் நிகழவில்லை என்பதே உண்மை. அமானிதத்தின் எல்லையை வரையறுக்க வேண்டியது ஒப்படைத்தவரின் அறிவேயன்றிப் பெற்றவரின் சொல்திறம் அன்று.

பாங்காக்கில் நிலைத்த உறவு

ஏற்றத்தாழ்வு உடைய இரு பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் இணைந்து பணியாற்ற இயலுமா என்னும் வினாவுக்குத் தாய்லாந்து விடை தருகிறது. 1979இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் பாங்காக்கின் மகிடோல் பல்கலைக்கழகமும் லண்டனிலுள்ள வெல்கம் அறக்கட்டளையின் நிதியுடன் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கின. டேவிட் வாரல் அதன் முதல் தலைவர். மகிடோலின் வெப்பமண்டல மருத்துவப் புலத்திலேயே அப்பிரிவு அமைக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. மாதிரிகள் ஆக்ஸ்ஃபோர்டு செல்வதற்கு மாறாக, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாங்காக் வந்து தங்கினர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட வினாக்களும் அங்குள்ள மருத்துவமனைக் கட்டில்களிலிருந்தே எழுந்தன. வடகிழக்குத் தாய்லாந்தின் நெல்வயல் உழவர்களைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் நோயைப் பிற நாடுகளில் பலர் கேள்விப்பட்டதும் இல்லை. அதன் கடும் நிலையில் செஃப்டாசிடிம் என்னும் மருந்து இறப்பை 74 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகக் குறைக்கும் என 1989இல் இப்பிரிவினர் நிறுவினர்.

அடுத்து மலேரியா. கடும் மலேரியாவுக்குச் சின்கோனா மரப்பட்டையிலிருந்து பெறும் குயினைனே நெடுங்காலமாக மருந்தாக இருந்தது. சீன அறிஞர்கள் கண்டறிந்த ஆர்ட்டிமிசினின் வழிவந்த ஆர்ட்டிசுனேட் அதனினும் சிறந்ததா என்பதை அறியப் பல நாடுகளின் மருத்துவமனைகள் இணைய வேண்டியிருந்தது. வங்காளதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் ஆகிய நான்கு நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் ஆய்வு நடைபெற்றது. சிட்டகாங் மருத்துவர்களும் ஒடிசாவின் ரூர்கேலா மருத்துவர்களும் அதில் பங்கேற்றனர். 2005இல் வெளியான முடிவின்படி, குயினைன் பெற்றோரில் 22 விழுக்காட்டினர் இறந்தனர்; ஆர்ட்டிசுனேட் பெற்றோரில் 15 விழுக்காட்டினரே இறந்தனர். பின்னர் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடைபெற்ற ஆய்வு, 2010இல் இதே முடிவை உறுதிப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனமும் தன் பரிந்துரையை மாற்றியது. தனியொரு பல்கலைக்கழகம் எத்துணைச் செல்வம் உடையதாயினும் தனித்து நின்று இதனைச் செய்திருக்க இயலாது.

இக்கூட்டுறவில் ஏற்றத்தாழ்வு முற்றிலும் நீங்கிவிட்டது என நாம் கூறவில்லை. பணம் அளிப்பவரின் குரலுக்கு எங்கும் வலிமை மிகுதி. எனினும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நிற்றல், நோய் உள்ள இடத்திலேயே ஆய்வகம் அமைத்தல், உள்நாட்டு இளைஞர்களை முனைவர் பட்டம் வரை பயிற்றுவித்தல் ஆகிய மூன்றும் அவ்வேற்றத்தாழ்வைப் பெரிதும் தணித்துள்ளன.

எழுதப்பட வேண்டியவை

இந்நிகழ்வுகளிலிருந்து, கூட்டுறவு தொடங்குமுன் தெளிவாக எழுதப்பட வேண்டியவை ஐந்து என நாம் வரையறுக்கலாம்.

முதலாவது, மாதிரி. எந்த ஆய்வுக்காக அனுப்பப்படுகிறது, மூன்றாம் தரப்பினருக்குக் கொடுக்கலாமா, எஞ்சியதை அழிப்பதா திருப்பி அனுப்புவதா, கண்டுபிடிப்பிலிருந்து வருவாய் கிடைப்பின் யாருக்கு எவ்வளவு என்பன பொருள் பரிமாற்ற உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, தரவு. மரபணு வரிசையை ஒருமுறை படித்துவிட்டால் மாதிரியே தேவையற்றதாகிவிடுகிறது. மாதிரியைக் காத்துத் தரவை மறந்த ஒப்பந்தம், பெட்டியைப் பூட்டிப் பொருளை வெளியே வைத்ததற்கு ஒப்பாகும். அதே வேளையில், கொள்ளைநோய்க் காலத்தில் தரவை மறைத்தல் உயிர்களைப் பறிக்கும். எனவே எதை உடனே திறப்பது, எதைச் சிறிது காலம் காப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, பெயர். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறியின்படி, மாதிரி திரட்டித் தருவது மட்டும் ஒருவரைக் கட்டுரையாசிரியர் ஆக்காது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவைப் பெறுவதிலோ விளக்குவதிலோ கணிசமான பங்கும், கட்டுரையை எழுதுவதிலோ செப்பம் செய்வதிலோ பங்கும், இறுதி வடிவுக்கு ஒப்புதலும், அதற்கான பொறுப்பேற்பும் வேண்டும். நெறி நன்றே. ஆனால் ஏழை நாட்டு ஆய்வாளரை மாதிரி திரட்டும் பணியோடு நிறுத்திவிட்டுப் பின்னர் இந்நெறியைக் காட்டி அவர் பெயரை நீக்குதல் அறமாகாது. ஆய்வு வினாவை வகுக்கும் முதற்கூட்டத்திலேயே அவர் அமர்ந்திருப்பின் இச்சிக்கல் எழாது.

நான்காவது, திறன். வெளிநாடு சென்று பயின்று திரும்பும் மாணவருக்குப் பணியாற்ற ஓர் ஆய்வகம் இங்கு இருத்தல் வேண்டும். இன்றேல் அவர் மீண்டும் விமானம் ஏறுவார். நன்கொடையாக வரும் கருவிக்கு வேதிப்பொருள்களும் பழுதுநீக்குவோரும் தடையற்ற மின்சாரமும் தேவை. அவை இல்லையேல், கருவி உறைபோட்ட காட்சிப்பொருளாகிவிடும்.

ஐந்தாவது, காலம். நிதிநல்கை பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. அது முடிந்த பின் நோயாளிகளின் தொடர் கண்காணிப்பு, சேமித்த மாதிரிகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பு யார் என்பது தொடக்கத்திலேயே தெளிவுபெற வேண்டும்.

உலகச் சட்டமும் நம் நாட்டுச் சட்டமும்

உலக நாடுகளும் இத்திசையில் நகர்ந்துள்ளன. தான் அளித்த பறவைக் காய்ச்சல் வைரஸைக் கொண்டு பிறர் ஆக்கும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாது என அஞ்சிய இந்தோனேசியா, 2007இல் மாதிரிகளைத் தர மறுத்தது. அதன் விளைவாக 2011இல் உலக சுகாதார நிறுவனம் இன்ஃபுளுயன்சா வைரஸ்களையும் அவற்றால் வரும் பயன்களையும் பகிர்வதற்கான நெறிமுறையை ஏற்றது. உயிரின வளங்களின் பயனை நேர்மையாகப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை 2010இல் ஏற்கப்பட்டு, 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் இதற்கென உள்ளது. அதனைச் செயற்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் அமைந்திருக்கிறது. வெளிநாட்டினர் நம் உயிரின வளங்களைப் பெற இவ்வாணையத்தின் முன்அனுமதி தேவை. எனினும், மைய அரசின் வழிகாட்டுதலுக்கு இணங்கி ஒப்புதல் பெற்ற நிறுவனங்களிடைக் கூட்டாய்வுத் திட்டங்களுக்கு அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு விலக்களிக்கிறது. முறைப்படி நடப்போருக்குச் சட்டம் தடையன்று, வழியே என்பதை இப்பிரிவு காட்டுகிறது. மனித மரபுப் பொருள் இச்சட்டத்தின் வரம்பில் இல்லை. மனிதரிடம் பெறும் மாதிரிகளுக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிகளும் பொருந்தும்.

முடிவுரை

நம்மவர் நடத்தும் கல்லூரிகள் பலவற்றில் இன்று நுண்ணுயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றன. அங்குள்ள ஆசிரியர் பெருமக்கள் வெளிநாட்டுப் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் முத்திரையை நாடுமுன், நம் ஊர் நோயோ பயிரோ நீர்நிலையோ எழுப்பும் வினா யாது எனத் தேடுதல் நன்று. அவ்வினாவை விரும்பும் ஓர் ஆய்வாளர், அடுத்த மாவட்டத்திலோ அடுத்த கண்டத்திலோ நிச்சயம் இருப்பார். இருவரும் சிறிய பணி ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பின், துணைவேந்தர்களின் கையொப்பம் வரட்டும். வினா இன்றிப் பிறக்கும் ஒப்பந்தம் கோப்பில் உறங்கும். ஒப்பந்தம் இன்றி வளரும் வினா என்றேனும் பூசலில் முடியலாம்.

எழுதிக்கொள்வது நண்பர்மீது ஐயம் கொள்வதாகாது. நாளை நாமும் அவரும் இப்பொறுப்பில் இல்லாதபோதும், குருதி தந்த நோயாளியின் நம்பிக்கை பிழைத்திருக்க அதுவே காவல். அந்நோயாளிக்குத் துணைவேந்தரும் தெரியார், இதழாசிரியரும் தெரியார். தம் கையில் ஊசி குத்திய மருத்துவரின் சொல் ஒன்றையே நம்பி அவர் குருதி தந்தார். அச்சொல் பொய்க்காதிருக்கும் வண்ணம் அமைவதே சிறந்த கூட்டுறவாகும்.